மென்பொருளுக்கும் பிழைதிருத்தம்!

புதுப் பாடப்புத்தகம் கைக்கு வரும்போது சில சமயம் அதனுடன் ஒரு சிறு தாளும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் இந்த வரியில் "குறைகிறது" என்பதை "அதிகரிக்கிறது" எனத் திருத்திப் படிக்கவும் என்பது போல அதில் அச்சிட்டிருக்கும். இதுவே பிழைதிருத்தப் பட்டியல். ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாம் பென்சிலால் திருத்திக் கொள்கிறோம். திருத்திக் கொள்ளாத மாணவன் தவறாகப் படிப்பான். அதற்கு மேல் கெடுதல் இல்லை.

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளும் மனிதர்கள் எழுதியதுதான். எனவே அதிலும் பிழைகள் உண்டு. ஆனால் இங்கே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. புத்தகத்தில் உள்ள பிழையைக் கண்டு பிடித்தவன் அதைக் கொண்டு உங்கள் பெட்டியைத் திறக்க முடியாது. மென்பொருளில் உள்ள பிழையைக் கண்டு பிடித்தவனோ, உலகின் மறுகோடியில் அமர்ந்தபடியே உங்கள் கணிப்பொறியைத் திறந்து விடலாம். மேலும், திருத்தம் வெளியாகும் அன்றே அந்தப் பிழையின் இருப்பிடமும் உலகத்திற்குத் தெரிந்து விடுகிறது. அன்று முதல் திருத்திக் கொண்டவர்களுக்கும் திருடுபவர்களுக்கும் இடையே ஓட்டப் பந்தயம்தான்!

ஆகவே, கோடிக்கணக்கான கணிப்பொறிகளுக்குத் திருத்தங்களை விரைவாகவும், கெட்டுப் போகாமலும், போலிகள் கலக்காமலும் கொண்டு சேர்ப்பது எப்படி என்பது ஒரு முக்கியமான பொறியியல் வினா. யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயக்க அமைப்புகள் இதற்குக் கண்ட விடையை இக்கட்டுரையில் காண்போம்.

யூனிக்ஸ் குடும்பம்

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய இயக்க அமைப்பே யூனிக்ஸ். அதன் வழியில் பின்னர் பல அமைப்புகள் தோன்றின. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் அவற்றுள் ஒன்று. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி முதலியன வேறு கிளைகள். இணையத்தின் சர்வர்களில் பெரும் பகுதி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில், டெபியன் என்ற அமைப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. அந்த டெபியனையே நாமும் நமது முக்கிய உதாரணமாக எடுத்துக் கொள்வோம். இயன் மர்டாக் என்ற மாணவர் 1993இல் தொடங்கிய திட்டம் இது.

நெல்லும் அரிசியும்

நிரல் எழுதுபவர் அதை மனிதருக்குப் புரியும் ஒரு மொழியில் எழுதுகிறார். இது மூலநிரல். ஆனால் கணிப்பொறியின் மூளையாகிய பிராசசருக்கு இந்த மொழி தெரியாது. அதற்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரு குறிகளால் ஆன ஆணைகள் மட்டுமே. மூலநிரலை இத்தகைய இருமநிரலாக மாற்றித் தருவது ‘கம்பைலர்’ என்ற தொகுப்பி.

மூலநிரல் நெல் என்றால் இருமநிரல் அரிசி. நெல்லை அப்படியே உலையில் போட முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் உரலும் உலக்கையும் வைத்து நெல் குத்திக் கொள்ளலாம். முன்பெல்லாம் யூனிக்ஸ் உலகத்தில் வழக்கம் இதுவாகவே இருந்தது. மூலநிரலை வாங்கி வந்து அவரவர் கணிப்பொறியில் தொகுத்துக் கொள்வார்கள். ஆனால் இணைய உலாவி போன்ற பெரிய நிரல்களைச் சாதாரணக் கணிப்பொறியில் தொகுக்க மணிக்கணக்கில் ஆகும். வாரம் ஒரு திருத்தம் வந்தால் என்ன செய்வது? ஆயிரம் கணிப்பொறிகள் உள்ள கல்லூரி ஆயிரம் முறை ஒரே வேலையைச் செய்ய வேண்டுமா?

ஊருக்கு ஒரு அரைவை மில் இருந்தால் போதுமல்லவா? ஓர் இடத்தில் ஒரு முறை தொகுத்து, கிடைத்த இருமநிரலை எல்லோருக்கும் அனுப்பி விடலாம். இதுவே இருமப் பொதி முறை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பிராசசர் வகைக்கு ஏற்ப ஆணைகளும் மாறும். மேசைக் கணிப்பொறிகளில் உள்ள இன்டெல் வகைப் பிராசசருக்கான பொதி, கைப்பேசிகளில் உள்ள ஏஆர்எம் வகைக்குப் பயன்படாது. எனவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே தொகுத்து வைக்க வேண்டும்.

பொதிக்குள் என்ன இருக்கிறது?

டெபியன் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே மூன்று பாகங்கள் இருக்கும். முதலாவது ஒரு சிறிய கோப்பு. பொதியின் அமைப்பு எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்ற எண் மட்டுமே அதில் உண்டு. மூன்றாவது பாகம்தான் சரக்கு. எந்தக் கோப்பு எந்த இடத்திற்குப் போக வேண்டுமோ அந்த வரிசையிலேயே அடுக்கிச் சுருக்கி வைத்திருக்கும்.

இடையில் உள்ள இரண்டாவது பாகமே மிக முக்கியமானது. பார்சலின் மேல் ஒட்டிய விவரச் சீட்டு என்று இதைச் சொல்லலாம். பொதியின் பெயர், பதிப்பு எண், எந்தப் பிராசசருக்கானது, இது இயங்க வேறு எந்தப் பொதிகள் தேவை, எந்தப் பொதியுடன் இது சேர்ந்து இருக்கக் கூடாது என்ற விவரங்கள் எல்லாம் இதில் இருக்கும். பொதியை வைப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய சிறு வேலைகளுக்கான குறிப்புகளும் உண்டு.

ரெட்ஹேட் நிறுவனம் 1995இல் கொண்டு வந்த ‘ஆர்பிஎம்’ என்ற பொதி முறையும் அடிப்படையில் இத்தகையதே. அமைப்பில் சில வேறுபாடுகள் உண்டு, தத்துவம் ஒன்றுதான்.

பொதியைப் பிரித்து வைக்கும் நிரல், எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று ஒரு பதிவேட்டில் எழுதிக் கொள்கிறது. ஆகவே நாளை அந்தப் பொதி வேண்டாம் என்றால் அதன் கோப்புகளை மட்டும் சரியாக எடுத்து விடலாம். புதிய பதிப்பு வந்தால் பழையதன் இடத்தில் புதியதை வைக்கலாம். ஆனால் நீங்களே கைப்பட மாற்றிய அமைப்புக் கோப்புகள் சில இருக்கலாம் அல்லவா? அவற்றை அது கேட்காமல் அழிப்பதில்லை. "நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக் கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா?" என்று கேட்கும். பதிவேட்டில் பழைய கோப்பின் அடையாளம் குறிக்கப்பட்டிருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

ஒன்றைச் சார்ந்து மற்றொன்று

கோப்பைத் திறப்பது, எழுத்தைத் திரையில் காட்டுவது, செய்தியை மறைகுறியாக்குவது போன்ற வேலைகள் பல நிரல்களுக்கும் பொதுவானவை. ஒவ்வொரு நிரலும் இவற்றைத் தானே வைத்துக் கொள்வதில்லை. ‘லைப்ரரி’ எனப்படும் பொதுக் கோப்புகளில் இவை இருக்கும். வேண்டும்போது நிரல்கள் அவற்றை அழைத்துக் கொள்கின்றன. இதில் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. மறைகுறி லைப்ரரியில் ஒரு பிழை என்றால் அந்த ஒரு பொதியைத் திருத்தினால் போதும். அதைப் பயன்படுத்தும் நூறு நிரல்களும் சேர்ந்து திருந்தி விடும்.

தொல்லையும் இதிலேயே இருக்கிறது. ‘அ’ என்ற பொதிக்கு ‘ல’ என்ற லைப்ரரியின் 2ஆம் பதிப்போ அதற்கு மேலானதோ தேவை என வைத்துக் கொள்வோம். ‘ஆ’ என்ற பொதியோ ‘ல’வின் 1ஆம் பதிப்புடன் மட்டுமே இயங்கும். இரண்டு பதிப்புகளும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. இப்போது ‘அ’வும் ‘ஆ’வும் ஒரே கணிப்பொறியில் சேர்ந்து இருக்க இயலாது. இது எளிய கணக்கு. ஆனால் 20 பொதிகள், ஒவ்வொன்றிலும் 3 பதிப்புகள் என்றால், தேர்ந்தெடுக்கும் வழிகள் எத்தனை? 3-ஐ 20 முறை தன்னுடன் பெருக்குங்கள். 3,486,784,401 வரும், அதாவது சுமார் 349 கோடி! பொதிச் சார்புகளைத் தீர்ப்பது பொதுநிலையில் மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்று கணிப்பொறியியலார் நிரூபித்துள்ளனர்.

பிறகு எப்படி நம் கணிப்பொறி சில நொடிகளில் விடை காண்கிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, நடைமுறையில் வரும் கணக்குகள் அவ்வளவு சிக்கலானவை அல்ல. இரண்டாவது, ஒன்றோடொன்று பொருந்தும் பொதிகளாகவே பார்த்துச் சேர்த்து, சோதித்து, ஒரு தொகுதியாக வெளியிடும் பணியை மனிதர்கள் முன்கூட்டியே செய்து விடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஆம் பதிப்பில் 69,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. இவற்றைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள் என்பது வியப்புக்குரிய செய்தி.

பட்டியல் முதலில், சரக்கு பிறகு

1998 அளவில் டெபியனுக்கு ‘ஆப்ட்’ என்ற கருவி கிடைத்தது. இது இரண்டு படிகளில் வேலை செய்கிறது. முதல் படியில், களஞ்சியம் எனப்படும் சர்வரிலிருந்து பொதிகளின் புதிய பட்டியலை மட்டும் கொண்டு வருகிறது. இதற்கு ‘அப்டேட்’ என்று பெயர். இரண்டாம் படியில், பட்டியலையும் நமது பதிவேட்டையும் ஒப்பிட்டு, புதிய பதிப்பு உள்ள பொதிகளைக் கொண்டு வந்து வைக்கிறது. இது ‘அப்கிரேட்’.

முதல் படி முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. கடையின் விலைப்பட்டியலை வாங்கி வந்தால் வீட்டில் அரிசி வந்து விடாது! அதேபோல், பழைய பட்டியலை வைத்துக் கொண்டு இரண்டாம் படியை மட்டும் செய்தாலும் புதிய திருத்தங்கள் கண்ணுக்குத் தெரியா.

போலியை எப்படிக் கண்டு பிடிப்பது?

களஞ்சியம் ஒரே இடத்தில் இருந்தால் நெரிசல் ஏற்படும். எனவே அதன் நகல்கள் உலகெங்கும் பல பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. அப்படியானால் ஒரு சந்தேகம் எழ வேண்டுமே! நகலை வைத்திருப்பவர் பொதியை மாற்றி விட்டால்? வழியில் யாராவது கலப்படம் செய்தால்?

இதற்கு இரண்டு பாதுகாப்புகள். முதலாவது, ‘ஷா-256’ எனப்படும் கணித முறை. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அது 256 இருமக் குறிகள் கொண்ட ஓர் எண்ணைத் தரும். கைவிரல் ரேகை போன்றது இது. கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் ரேகை முற்றிலும் வேறாகி விடும். குறிப்பிட்ட ஒரு ரேகை வருமாறு போலிக் கோப்பு ஒன்றை முயன்று முயன்று செய்து விட முடியாதா? கணக்கிட்டுப் பாருங்கள். சாத்தியமான ரேகைகளின் எண்ணிக்கை சுமார் 1-ஐத் தொடர்ந்து 77 பூஜ்யங்கள். நொடிக்கு 1-ஐத் தொடர்ந்து 18 பூஜ்யங்கள் என்ற வேகத்தில் முயன்றாலும், 1-ஐத் தொடர்ந்து 59 பூஜ்யங்கள் அளவு நொடிகள் தேவைப்படும். அண்டத்தின் வயதே, நொடியில் சொன்னால், 4-ஐத் தொடர்ந்து 17 பூஜ்யங்கள்தான்!

ஆனால் ரேகைப் பட்டியலையே ஒருவன் மாற்றி விட்டால்? அதற்குத்தான் இரண்டாவது பாதுகாப்பு, அதாவது எண்ணியல் கையொப்பம். இதில் இரண்டு சாவிகள் உண்டு. கையொப்பமிடும் இரகசியச் சாவி டெபியன் திட்டத்தாரிடம் மட்டுமே இருக்கும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் கணிப்பொறியில் முதலிலேயே வைக்கப்பட்டிருக்கும். பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்க முடியும், புதிய கையொப்பம் போட முடியாது.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். தலைப்புக் கோப்பில் கையொப்பம் இருக்கிறது. தலைப்புக் கோப்புக்குள் பொதிப் பட்டியலின் ரேகை இருக்கிறது. பொதிப் பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் ரேகையும் இருக்கிறது. எந்தக் கண்ணியில் யார் கை வைத்தாலும் அடுத்த சோதனையில் அகப்பட்டு விடும். களஞ்சியத்தின் நகலை வைத்திருப்பவரை நாம் நம்பவே தேவையில்லை. சங்கிலியின் தலையில் உள்ள கையொப்பத்தை நம்பினால் போதும்.

இன்னும் ஒரு தந்திரம் பாக்கி இருக்கிறது. எதையும் மாற்றாமல், ஆறு மாதத்திற்கு முந்தைய பட்டியலையே, உண்மையான கையொப்பத்துடன், ஒருவன் நமக்குத் தொடர்ந்து காட்டிக் கொண்டிருந்தால்? "புதிய திருத்தம் ஒன்றும் இல்லை" என்று நம் கணிப்பொறி ஏமாந்து போகும். இதைத் தடுக்கத் திருத்தங்களுக்கான களஞ்சியத்தின் தலைப்புக் கோப்பில் "இந்தத் தேதி வரை மட்டும் செல்லும்" என்று எழுதியிருக்கிறார்கள். தேதி கடந்தால் ஆப்ட் அதை ஏற்காது. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி போடுவது போல!

2014: ஒரு லைப்ரரி கசிந்தது

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் சோதனையாக அமைந்தது 2014 ஏப்ரல் 7. இணையத்தில் வங்கிக் கணக்கு, கடவுச்சொல் போன்றவற்றை மறைகுறியாக்கி அனுப்பப் பயன்படும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ லைப்ரரியில் கடுமையான பிழை இருப்பது அன்று அறிவிக்கப்பட்டது. ‘ஹார்ட்ப்ளீட்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

பிழை என்னவோ மிகச் சிறியது. இணைப்பு உயிருடன் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம், "இதோ ஒரு சொல், இதன் நீளம் இவ்வளவு எழுத்து, திருப்பி அனுப்பு" என்று கேட்கும். மற்றது திருப்பி அனுப்பும். சொல்லின் உண்மையான நீளமும், கேட்பவர் சொன்ன நீளமும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். அந்த ஒரு சோதனையை எழுத மறந்து விட்டார்கள். ஆகவே ஒருவன் நாலெழுத்துச் சொல்லை அனுப்பி, "நீளம் 64,000" என்று பொய் சொன்னால், சர்வர் அந்த நாலெழுத்தையும், அதை அடுத்து நினைவகத்தில் இருந்த மற்றவற்றையும் சேர்த்து அனுப்பி விடும். அதில் யாருடைய கடவுச்சொல் இருக்கிறது, எந்த இரகசியச் சாவி இருக்கிறது என்பது அவனது அதிர்ஷ்டம்! ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து இந்தப் பிழை இருந்து வந்தது. அறிவிப்பு வெளியான அதே நாளில் டெபியன் திருத்தப் பொதியை வெளியிட்டது. ஆனால் எல்லோரும் உடனே திருத்திக் கொள்ள முடிந்ததா? கனடா நாட்டின் வரித்துறையில், திருத்தம் செய்து முடிப்பதற்கு முந்தைய சில மணி நேரத்திற்குள், சுமார் 900 பேரின் சமூகக் காப்பு எண்கள் திருடு போயின. ஓட்டப் பந்தயம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

பதிப்பு எண்ணில் ஒரு புதிர்

ஓப்பன்எஸ்எஸ்எல்லை எழுதியவர்கள் திருத்தத்துடன் வெளியிட்ட பதிப்பு 1.0.1-ஜி. ஆனால் திருத்தம் பெற்ற டெபியன் கணிப்பொறியில் 1.0.1-ஈ என்ற பழைய எண்ணே தெரிந்தது! அப்படியானால் திருத்தம் வரவில்லையா?

வந்திருந்தது. டெபியன் நிலைப்பதிப்பில் புதிய பதிப்பை அப்படியே போடுவதில்லை. புதிய பதிப்பில் திருத்தத்துடன் வேறு மாற்றங்களும் இருக்கும், அவற்றால் சார்ந்துள்ள நிரல்கள் பழுதாகலாம். எனவே தேவையான அந்தச் சில வரித் திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய பதிப்பில் ஒட்டுப் போடுகிறார்கள். சட்டை கிழிந்தால் புதுச்சட்டை வாங்காமல் கிழிசலை மட்டும் தைப்பது போல. ஒட்டின் அடையாளம் எண்ணின் வாலில் இருக்கும். அந்தப் பொதியின் முழு எண் 1.0.1-ஈ-2+டெப்7யு5. கடைசியில் உள்ள 5 என்பதுதான் முக்கியம். 4 என்று இருந்தால் ஓட்டை அடைபடவில்லை என்று பொருள். பதிப்பு எண்ணின் தலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஓடும் பேருந்தில் சக்கரம் மாற்றலாமா?

கோப்பு மாறி விட்டது. ஆனால் அந்த லைப்ரரியை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றிக் கொண்டு ஓடிக் கொண்டிருக்கும் நிரல் என்ன ஆகும்? இங்கே யூனிக்ஸின் ஓர் அழகான அமைப்பைக் காண்கிறோம்.

யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோடு’ என்ற உள்ளெண் உண்டு. பெயர் என்பது அந்த எண்ணைச் சுட்டும் பலகை மட்டுமே. பேருந்து நிலையத்தில் பழைய பேருந்திலிருந்து தட எண் பலகையைக் கழற்றிப் புதிய பேருந்தில் மாட்டுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இனி வரும் பயணிகள் பலகையைப் பார்த்துப் புதிய பேருந்தில் ஏறுவார்கள். முன்பே ஏறியவர்கள் பழைய பேருந்திலேயே பயணத்தைத் தொடர்வார்கள். கடைசிப் பயணி இறங்கியதும் பழைய பேருந்து பணிமனைக்குப் போய்விடும்.

பொதியை வைக்கும் நிரலும் இப்படித்தான் செய்கிறது. புதிய கோப்பை வேறு பெயரில் முழுவதுமாக எழுதி விட்டு, பிறகு ஒரே எட்டில் பெயரை மாற்றுகிறது. இடையில் பாதி பழையது, பாதி புதியது என்ற நிலையே இல்லை. ஓடும் நிரலும் தடுமாறுவதில்லை.

ஆனால் இந்த வசதியிலேயே ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. முன்பே ஏறிய பயணி பழைய பேருந்திலேயே இருக்கிறார் அல்லவா? 2014இல் லைப்ரரியைத் திருத்திய பிறகும், மறுபடி தொடங்கப்படாத சர்வர் நிரல்கள் பழைய, கசியும் லைப்ரரியையே பயன்படுத்திக் கொண்டிருந்தன. திருத்தம் வட்டில் இருந்தது, நினைவகத்தில் இல்லை! எனவே பொதியை வைத்தபின் அதைப் பயன்படுத்தும் நிரல்களை நிறுத்தித் தொடங்க வேண்டும். இயக்க அமைப்பின் கருவாகிய கெர்னல் மாறினால் பொதுவாகக் கணிப்பொறியையே ஒரு முறை நிறுத்தித் தொடங்க வேண்டும். கசிந்திருக்கக் கூடிய சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்றுவதும் அவசியம். திருடன் சாவியை நகலெடுத்துப் போன பிறகு ஜன்னலை மட்டும் அடைத்து என்ன பயன்?

வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால்?

ஒரு பெரிய கோப்பில் சில வரிகளே மாறியிருக்கும்போது முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் இருமநிரலில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஓர் ஆணையைச் சேர்த்தால், அதற்குப் பின் உள்ளவை எல்லாம் சற்றுத் தள்ளிப் போகும். அவற்றைச் சுட்டும் முகவரிகள் கோப்பெங்கும் மாறி விடும். மூலநிரலில் ஒரு வரி, இருமநிரலில் ஆயிரம் இடங்கள்!

ஃப்ரீபிஎஸ்டியின் திருத்தங்களுக்காக இச்சிக்கலை ஆராய்ந்த காலின் பெர்சிவல் 2003இல் ‘பிஎஸ்டிஃப்’ என்ற முறையை வெளியிட்டார். முகவரிகள் மாறினாலும் அவை பெரும்பாலும் ஒரே அளவில்தான் மாறுகின்றன என்பது அதன் அடிப்படை. ஏறத்தாழ ஒத்த பகுதிகளை இணை சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், விடையில் பெரும்பாலும் பூஜ்யங்களும் திரும்பத் திரும்ப வரும் சில எண்களுமே கிடைக்கும். அத்தகைய தொடரை மிகச் சிறியதாகச் சுருக்கி விடலாம். இயற்பியலில் பெரிய அளவை விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் கணக்கிடுவதைப் படிக்கிறீர்களே, அதே சிந்தனைதான்.

ஓப்பன்பிஎஸ்டி அமைப்பு 2017இல் வெளியான 6.1 பதிப்பில், மூலநிரலைத் தொகுக்காமலே திருத்தங்களைப் பெறும் ‘சிஸ்பேட்ச்’ என்ற கருவியைச் சேர்த்தது. வீட்டிலேயே நெல் குத்தும் வழக்கத்தை நெடுநாள் விடாதிருந்தவர்களும் மில்லுக்கு வந்து விட்டார்கள் எனலாம்.

மில்லே தவறு செய்தால்?

எல்லாப் பொதிகளையும் ஓரிடத்தில் தொகுப்பதில் வசதி உண்டு. ஆனால் அங்கு நேரும் தவறும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். இதற்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகள்.

2006இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், தேவையற்றது என்று எண்ணி ஒரு வரியை நீக்கினார்கள். சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் எண்கள் அந்த வரியின் வழியேதான் வந்து கொண்டிருந்தன. விளைவு, ஒவ்வொரு வகையிலும் அளவிலும் 32,767 வெவ்வேறு சாவிகள் மட்டுமே உருவாயின. கோடானுகோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய இடம் அது! 2008 மே மாதம் பிழை கண்டு பிடிக்கப்பட்டது. திருத்தப் பொதியை வைத்ததோடு, இடைப்பட்ட காலத்தில் உருவான சாவிகளையெல்லாம் தூக்கி எறியவும் வேண்டியிருந்தது.

இரண்டாவது, தவறு அல்ல, சதி. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இஸட்’ என்ற லைப்ரரியின் பராமரிப்பில் புனைபெயரில் ஒருவர் சேர்ந்து, சில ஆண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்று, 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியக் கதவு ஒன்றை வைத்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’ நிரலே அவரது இலக்கு. அந்த நிரல் எக்ஸ்இஸட்டை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவற்றில் இன்னொரு லைப்ரரி இடையில் வந்து, இரண்டையும் இணைத்திருந்தது. சார்புச் சங்கிலியின் வேறொரு முகம் இது!

இதைக் கண்டு பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தமது கணிப்பொறியில் எஸ்எஸ்எச் இணைப்பு அரை நொடி தாமதமாவது ஏன் என்று அவர் ஆராயப் புகுந்தார். ‘போகட்டும், அரை நொடிதானே’ என்று விட்டு விடவில்லை. 2024 மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளிலும் ஃபெடோராவின் சோதனை வெளியீடுகளிலும் நுழைந்து விட்டிருந்தன. டெபியனின் நிலைப்பதிப்பை எட்டவில்லை. சிறிய முரண்பாட்டையும் அலட்சியம் செய்யாத குணம் ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, எங்குமே பயன் தரும்.

ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இந்தக் கலப்படப் பொதிகளில் கையொப்பம் சரியாகவே இருந்தது. கையொப்பம் "இது இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் மாறவில்லை" என்று மட்டுமே சொல்லும். "இது நல்லது" என்று சொல்லாது. பொதி உண்மையாகவே அந்த மூலநிரலிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரிந்து கொள்வது? யார் தொகுத்தாலும், எப்போது தொகுத்தாலும், ஒரு குறி கூட மாறாமல் அதே இருமநிரல் கிடைக்குமாறு செய்து விட்டால், பலர் தனித்தனியே தொகுத்து ரேகைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். டெபியனில் 2013 முதல் இம்முயற்சி நடந்து வருகிறது. ஒரே சோதனையைப் பலர் செய்து ஒரே விடை பெற வேண்டும் என்பது அறிவியலின் பழைய விதியல்லவா? ஆனால் மூலநிரலிலேயே சதி இருந்தால் இதுவும் போதாது. அதைப் படித்துப் பார்க்கும் கண்கள் வேண்டும்.

நீங்கள் செய்து பார்க்க

உபுண்டு, டெபியன் அல்லது பாஸ் லினக்ஸ் உள்ள கணிப்பொறி கிடைத்தால், ஆசிரியரின் துணையுடன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. ஒரு வாக்கியத்தை ஒரு கோப்பில் எழுதி, ‘ஷா256சம்’ என்ற கட்டளையால் அதன் ரேகையைக் காணுங்கள். ஓர் எழுத்தை மட்டும் மாற்றி மறுபடி காணுங்கள். 64 இடங்களில் எத்தனை மாறின என்று எண்ணுங்கள்.

2. ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளைக்குப் பின், திருத்தம் காத்திருக்கும் பொதிகள் எத்தனை என்று குறித்துக் கொள்ளுங்கள். ‘ஆப்ட் அப்கிரேட்’ செய்த பின் மறுபடி பாருங்கள்.

3. ஏதேனும் ஒரு பொதியை எடுத்து, அது எவற்றைச் சார்ந்துள்ளது, அவை எவற்றைச் சார்ந்துள்ளன என்று மரம் போல வரையுங்கள். எத்தனையாவது கிளையில் ஒரே பொதி திரும்ப வருகிறது?

சுருக்கமாகச் சொன்னால், திருத்தங்களை உடனுக்குடன் பெறுங்கள். அங்காடித் தெருவில் யாரோ நீட்டும் பொதியை வாங்காமல், கையொப்பமுள்ள களஞ்சியத்திலிருந்தே பெறுங்கள். பெற்றபின் பழைய நிரல் நினைவகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். புதியது எல்லாம் நல்லது என்றும், பழையதே போதும் என்றும் எண்ணாமல், உங்கள் பதிப்புக்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றனவா என்று விசாரியுங்கள். டெபியனின் ஒரு நிலைப்பதிப்புக்கு நீட்டிப்பும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பின் அந்தக் கணிப்பொறி முன்போலவே ஓடும். ஆனால் அதன் பிழைதிருத்தப் பட்டியலை அச்சிட இனி யாரும் இல்லை.